மிளகு போட்டு வச்ச சூடம்

…அதுக்காக நான் வரமாட்டேன்னு எப்ப சொன்னேன் சரவணா? யோசிக்கிறேன்னுதான் சொன்னேன். நீதான் "நீ யோசிக்கிறேன்னாலே வரலேன்னு அர்த்தம் பெரியம்மா, எனக்குத் தெரியாதா"ன்னு போனை வச்சிட்ட. வச்சதும் நல்லதுக்குத்தான். போன்ல பேசினா நீ ஸ்பீக்கர்ல போடுறேன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நான் ஒண்ணு சொன்னா, நீ பதில் சொல்றதுக்குள்ள ஒரு மூச்சு சத்தம் கேக்குது. அது உன் மூச்சு இல்ல. உன் மூச்சு எனக்குத் தெரியாதா? சின்னதுல உனக்கு வீசிங் வந்து இழுக்கிறப்பல்லாம் நெஞ்சுல கைய வச்சிகிட்டு உக்காந்திருந்தவ நானு. அதனாலதான் கடுதாசியா எழுதிடறேன். இத நீ படி, அந்தப் பொண்ணும் படிக்கட்டும், அவங்கப்பன் ஏழுமலையும் படிக்கட்டும், வேணும்னா ஊரே படிக்கட்டும். எனக்கு மறைச்சு வைக்க ஒண்ணும் கிடையாது. மறைச்சு வைக்கிறவங்க வேற ஆளு.

வர்ற ஞாயித்துக்கிழமை தட்டு எடுத்துகிட்டு பொண்ணு வீட்டுக்குப் போகணும்ன்ற. வெத்தல பாக்கு, பூ, பழம், புடவை எல்லாம் நீயே வாங்கிட்டியாம். என்கிட்ட கலர் கூட கேக்கல. சரி போகட்டும். ஆனா ஏழுமலை என்னா சொல்லி அனுப்பியிருக்கான்? "எம்பொண்ணத் திருடின்னு சொன்ன வாய்தான் வந்து மருமகளேன்னு கூப்பிடணும். அந்தக் கைதான் தட்டத் தூக்கணும். இல்லேன்னா உங்க வாத்தியார் மாப்பிள்ளைய நீங்களே வச்சிக்கங்க." இத வந்து என்கிட்ட சொன்னது யாரு? உங்க பெரியப்பா. சொல்லிட்டு சிரிக்கிறாரு. உப்பளத்துல ஏழுமலை அவர்கிட்டதான் வேலை செய்றான், ரெண்டு பேரும் ஒரே கொட்டாயில உக்காந்துதான் சோறு திங்கறாங்க. இந்த மனுசனே அவனுக்கு அப்படி சொல்லுன்னு எடுத்துக் குடுத்திருப்பாரோன்னு கூட எனக்கு ஒரு இது. ஆக, நான் வந்தா உனக்குக் கல்யாணம். வரலேன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்னு நீ சொல்ற, பொண்ணே கிடையாதுன்னு அவன் சொல்றான். எல்லாரும் சேர்ந்து என் தலையில கொண்டாந்து இறக்கிட்டீங்க.

நான் சந்தேகப்படுறவதான், இல்லேன்னு சொல்லல. சந்தேகப்படாம இருந்திருந்தா இந்த வீட்டுல பால்ல தண்ணி கலந்திருப்பான், அரிசியில கல்லு கலந்திருப்பான். உனக்கு ஞாபகம் இருக்குதா, நம்ம வீட்டுக்கு மொத மொத கேஸ் வந்தப்ப? நீ ஏழாங்கிளாஸ். சிலிண்டர இறக்கி வச்சிட்டு அந்த ஆளு கையெழுத்து கேக்குறான், நான் லேசா ஆட்டிப் பாத்தேன். உள்ள களக் களக்குன்னு தளும்புது. "ஏம்பா, கேஸ்னு சொல்லிட்டு தண்ணிய ரொப்பி எடுத்தாந்திருக்கியா"ன்னு தெருவே கேக்குறாப்புல கத்தினேன். நீ ஸ்கூல் பையோட ஓடியாந்து, "பெரியம்மா, அழுத்தி அடைச்சா வாயு நீர்மமா ஆயிடும், உள்ள அதுதான் தளும்புது, வெளிய வர்றப்ப திரும்ப வாயுவாயிடும்"னு மூச்சு வாங்க சொன்ன. "நீ சும்மா இரு, உனக்கு என்னா தெரியும்"னு உன்ன உள்ள அனுப்பிட்டேன். வேற சிலிண்டர் இறக்கச் சொன்னேன். அதுவும் தளும்புது. வண்டியில இருந்தத எல்லாம் ஆட்டிப் பாத்துட்டேன், எல்லாமே தளும்புது. கடைசில அந்த ஆளு கும்பிட்டான். "அம்மா, தளும்பலேன்னாத்தான் நீங்க சண்டைக்கு வரணும். அப்பதான் அது காலி சிலிண்டரு." தெருவே சிரிச்சுது. அன்னிக்கு நீ மட்டும் சிரிக்கல. உள்ள போய் உன் புக்க எடுத்தாந்து அந்தப் பக்கத்த திறந்து அடுப்பு மேடையில வச்சிட்டுப் போயிட்ட. எனக்கு அது மனசுல நின்னுடுச்சு. இப்ப நீயே வாத்தியாராயி, அதே ஏழாங்கிளாசுக்கு அதே பாடத்த நடத்துறன்னா எனக்குப் பெருமைதான். பெருமை வேற, நம்பறது வேற.

இப்ப சூடத்துக்கு வர்றேன். மாசி மாசமே அம்மன் கோயிலுக்கு, ஆடிக் கூழுக்குன்னு பெரிய டப்பா நெறய கட்டி சூடம் வாங்கி வச்சது நான். கோயில் பக்கத்துல அந்த தகர சீட்டு போட்ட ரூமு இருக்குது பாரு, அண்டா, ஜமுக்காளம், குடை எல்லாம் கிடக்குமே, அங்க அலமாரியில வச்சேன். சும்மா வைக்கல. சூடம் வச்சா நாலு மிளக அதுல போட்டு வைக்கணும், அப்பதான் கரையாம இருக்கும்னு எங்கம்மா காலத்துல இருந்து செய்றதுதான். நாலுக்குப் பதிலா ஒரு புடியாவே அள்ளிப் போட்டேன். ரூம் சாவி என்கிட்ட ஒண்ணு. வெள்ளிக்கிழம பெருக்கிக் கோலம் போடறவங்ககிட்ட ஒண்ணு. இந்த வருசம் பெருக்கினது யாரு? அந்தப் பொண்ணு பவித்ரா. ஞாயித்துக்கிழம தவிர தினமும் குயிலாப்பாளையத்துல, வெளிநாட்டுக்கு அனுப்பற ஊதுபத்தி கம்பெனிக்கு வேலைக்குப் போறவ. காலைல பஸ் ஏறினா சாயங்காலம் இறங்குவா, இறங்கினா பஸ் ஸ்டாப்பே மணக்கும். எனக்கு அப்பவே ஒரு யோசனை. ஒரு பொண்ணு மேல எந்நேரமும் இவ்ளோ வாசனை வந்தா, அதுக்குள்ள வேற எந்த வாசனை ஒளிஞ்சிருந்தாலும் யாருக்குத் தெரியும்?

ஆடி மொத வெள்ளி. கூழ் காஞ்சிகிட்டு இருக்குது, பொம்பளைங்க எல்லாம் கூடிட்டாங்க. டப்பாவத் திறந்தேன். பாதி காணோம். பெரிய பெரிய கட்டியா வச்சது எல்லாம் தேஞ்சுபோன சோப்பு மாதிரி சின்னச் சின்னதா, முனையெல்லாம் மழுங்கிப்போய்க் கிடக்குது. மிளகு மட்டும் அப்படியே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்குது. மிளகு இருக்கிறப்ப சூடம் எப்படிக் கரையும்? யாரோ கை வச்சாத்தான் உண்டு. நான் கோயில் வாசல்லயே நின்னு கேட்டுட்டேன். "இந்த ரூமுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு வச்சிருக்கிறவங்க பதில் சொல்லட்டும்." கோலமாவு கையோட வந்து நின்னா. அழுவான்னு நினைச்சேன். அழல. "நான் எடுக்கல அத்தை"ன்னா. "எடுக்கலேன்னா அம்மன் முன்னாடி சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு"ன்னேன். அதுக்கு அவ என்னா சொன்னா தெரியுமா? நீ கேள்விப்பட்டிருப்ப, ஆனா என் வாயால கேக்கல. "சத்தியம் பண்றேன் அத்தை. சூடம் எங்க? நீங்கதான் இல்லேன்றீங்களே"ன்னா.

எல்லாரும் திரும்பி என்னப் பாத்தாங்க. அப்புறம் ஒருத்தி சிரிச்சா, அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. கூழ் கிண்டற கரண்டிய விட்டுட்டு சிரிச்சாளுங்க. நான் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது? அவளே குனிஞ்சு டப்பாவுல இருந்து இருக்கிறதுல பெரிய கட்டியா பாத்து எடுத்து, தட்டுல வச்சு ஏத்தி, அம்மனைப் பாத்து, உள்ளங்கையால ஒரே அடியா அணைச்சா. கையில கரி. "போதுமா அத்தை"ன்னா. எனக்குப் போதல. ஊதுபத்தி உருட்டி உருட்டி அவ கை மரத்துப் போயிருக்கும், அவளுக்கு எங்க சுடப்போகுதுன்னுதான் தோணுச்சு. அதோட இன்னொண்ணும் தோணுச்சு. ஊர்ல இருக்கிற அத்தன பேரையும் ஆன்ட்டி ஆன்ட்டின்றவ, என்ன மட்டும் எப்பத்திலருந்து அத்தைன்றா? அங்கதான்டா நீ மாட்டின. சூடம் தேடப் போய் உன்னக் கண்டுபுடிச்சேன் நானு.

அந்த ஞாயித்துக்கிழமையே நீ வந்து இறங்கின. தீபாவளிக்கே மறுநாள் வர்றவன், ஆடி மாசத்துல ஒரு நாளுக்காக ஓடி வர்றான்னா எனக்குத் தெரியாதா? வந்தவன் சாப்பிடக்கூட இல்ல, டப்பாவ எடுத்து முன்னாடி வச்சிகிட்டு பாடம் நடத்த ஆரம்பிச்சிட்ட. "பெரியம்மா, எல்லாப் பொருளும் துகள்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. திருவிழாவுல சன்னிதி முன்னாடி நெருக்கி, ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சிகிட்டு நிக்கிறாங்க இல்ல, அது திண்மம். சாமி பின்னாடி உரசிகிட்டு நகர்ந்து போற கூட்டம் நீர்மம். எல்லாம் முடிஞ்சு பஸ் ஸ்டாண்டுல ஆளுக்கொரு பக்கம் ஓடறாங்க பாரு, அது வாயு." எனக்குப் புரிஞ்சுது. நல்லாத்தான் சொல்ற. உங்கிட்ட படிக்கிற புள்ளைங்க குடுத்து வச்சதுங்க. "அப்ப நிக்கிற கூட்டம் மொதல்ல நகரணும், அப்புறம்தானே ஓடணும்? கட்டியா இருந்த சூடம் தண்ணியாகாமயே எப்படிக் காணாமப் போகும்"னு கேட்டேன். கேள்வி சரியா இல்லையா? நீயே "சூப்பர் கேள்வி"ன்ன. "சூடத்துல துகளுங்க கைய லூசாத்தான் புடிச்சிருக்கும் பெரியம்மா. ஓரத்துல நிக்கிறது கைய உதறிட்டு நேரா வெளியே ஓடிடும். அது போனா அடுத்தது. சீட்டு போட்ட ரூமு, சித்திரை வெயிலு, டப்பா மூடி நெளிஞ்சிருக்குது, இறுக்கமா மூடல. அதான் வேகமாப் போயிடுச்சு. இதுக்குப் பேரு பதங்கமாதல்." பதங்கமாதலாம். வாய்க்குள்ள நுழையாத ஒரு பேரச் சொன்னா நான் கம்முனு போயிடுவேன்னு நினைச்சியா?

நான் உப்பளத்துக்காரன் பொண்டாட்டிடா. தண்ணி ஆவியாகிறத நீ புக்குல படிச்ச, நான் கண்ணால பாத்திருக்கேன். சின்னதுல யாராவது "தண்ணி ஆவியாப் போச்சு"ன்னா, செத்தவங்கதானே ஆவியாவாங்கன்னு நான் அந்தப் பக்கமே போக பயப்படுவேன், அப்புறம் பழகிடுச்சு. பாத்தியில கடல் தண்ணிய விட்டா வெயிலுக்குத் தண்ணி போகும், உப்பு அடியில நிக்கும். அதுதானே தொழிலே? எந்தக் காலத்துலயாவது உப்பு வெயிலுக்குப் பறந்து போயிருக்குதா? அம்பாரம் அம்பாரமா குவிச்சு வச்சிருக்கோம். மழையில கரையும், ஒத்துக்கிறேன். வெயில்ல போகாது. உப்பும் வெள்ளை, சூடமும் வெள்ளை. அதுவும் கட்டி, இதுவும் கட்டி. உப்பு ஒழுங்கா உக்காந்திருக்கு, சூடம் மட்டும் கைய உதறிட்டு ஓடுதான்னு கேட்டேன். நீ "உப்புல பிடி ரொம்ப பலம் பெரியம்மா"ன்ன. உடனே எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கிறவங்களப் பாத்தாலே எனக்கு ஆகாது.

ஒண்ணு மட்டும் நீ சொன்னதுல நான் அப்பவே நம்பிட்டேன். கெட்டியா இருக்கிறதுக்குள்ளயும் துகள் சும்மா நிக்காது, நின்ன எடத்துலயே ஆடிகிட்டேதான் இருக்கும்ன. "கல்லுலயுமா"ன்னேன். "கல்லுலயும்"ன்ன. "அம்மன் சிலையிலயுமா"ன்னேன். நீ பெரியப்பாவப் பாத்துட்டு, "ஆமா பெரியம்மா, அதுலயும்தான்"ன்ன. அது எனக்கு முன்னாடியே தெரியும்டா. இத்தன வருசமா அவ முன்னாடி நிக்கிறேன், அவ அசையறத நான் பாத்திருக்கேன். அதுக்கு சயின்ஸ் வேண்டியதில்ல. ஆனா சயின்சும் அதையே சொல்றப்ப கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

மத்தத நம்பல. ஏன் நம்பல? சொல்றவன் யாருன்னு பாக்கணும் இல்ல? சூடம் தானா போயிடுச்சுன்னு வேற எந்த வாத்தியார் சொல்லியிருந்தாலும் சரின்னு இருப்பேன். சொன்னது நீ. அந்தப் பொண்ணுக்காக வெயில்ல வந்து நிக்கிறவன். "நீ சயின்ஸ் சொல்றியா, சாட்சி சொல்றியா"ன்னு கேட்டேன் பாரு, அப்பதான் உன் மூஞ்சி சுருங்கிப்போச்சு. நீ அன்னிக்கே பஸ் ஏறிட்ட. மறுநாள் நான் மரக்காணம் பஜார்ல நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். "ஏன் அண்ணே, சூடம் டப்பாவுல வச்சா தானா குறையுமா?" "குறையும்மா. நீங்க கிலோ வாங்கி வச்சா, கொஞ்ச நாள் கழிச்சு எடை போட்டா கிலோ இருக்காது. நாங்களே கவர்ல சீல் போட்டுத்தான் வச்சிருக்கோம்." இவன் ஏன் இதச் சொல்றான்? எடை குறைச்சுக் குடுக்கிறவன் வேற என்னா சொல்லுவான்? இவனுக்கும் இது வசதியாத்தான் இருக்குது. அவனையும் நம்பல.

அதனால நானே பாத்துடறதுன்னு முடிவு பண்ணேன். நம்ம பூஜை ரூம்ல, என் கண்ணு முன்னாடி, ஒரு தட்டுல ஒரு கட்டி சூடம், மிளகோட. பக்கத்துல ஒரு கட்டி உப்பு. வேற ஒரு சின்ன டப்பாவுல, மூடி நல்லா இறுக்கமா இருக்கிறதுல, இன்னொரு கட்டி சூடம், மிளகு இல்லாம. ரூம பூட்டி சாவிய முந்தானையில முடிஞ்சிகிட்டேன். உங்க பெரியப்பா காலைல சாமி கும்பிடணும்னா கூட நான்தான் திறந்து விடணும். "அடியே, சாமியையே ஜெயில்ல போட்டுட்டியே"ன்னாரு. "நீங்க உப்பளத்தப் பாருங்க"ன்னேன். "நான் உப்பளத்தப் பாக்குறேன். உன் வாயும் அந்த சூடம் மாதிரி ஓரத்துல கொஞ்சம் கரைஞ்சா ஊருக்கே நல்லா இருக்கும்"னுட்டு சைக்கிள எடுத்துகிட்டு போயிட்டாரு. பதில் கேக்க நிக்கல. அந்த மனுசன் எப்பவும் அப்படித்தான்.

என்னா ஆச்சுன்னு கேளு. தட்டுல இருந்த சூடம் நாளாக நாளாகத் தேஞ்சுது. என் சாவி, என் பூட்டு, என் கண்ணு. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஆயிடுச்சு, அப்புறம் ஒரு நாள் மிளகு மட்டும் உக்காந்திருக்குது, என்னப் பாத்து முழிக்குது. இறுக்கி மூடின டப்பாவுல மிளகு இல்லாத சூடம் முக்காவாசி அப்படியே இருக்குது. சரி, சூடம் நீ சொன்னபடி கேக்குது. உப்பு என்னா பண்ணிச்சு? அதுதான் பெரிய கூத்து. கடல் காத்துக்கு உப்பு தண்ணி விட்டுகிச்சு. கட்டி நனைஞ்சு, தட்டுல ஒரு சின்னக் குட்டை. ஒண்ணு ஒண்ணுமில்லாம ஓடுது, இன்னொண்ணு எங்க இருந்தோ தண்ணிய இழுத்துகிட்டு உக்காந்திருக்குது. நீ இதுக்கும் ஒரு பேரு வச்சிருப்ப. காத்துல இருந்த தண்ணித் துகள உப்பு புடிச்சிகிச்சுன்னு சொல்லுவ. சொல்லு. எனக்கு என்னான்னா, நான் சாட்சிக்கு வச்ச உப்பே ஒழுங்கா நிக்கல.

அதுக்குள்ள நீ ஜெயிச்சிட்டன்னு நினைச்சுக்காத. நல்லா யோசிச்சுப் பாரு, நீ சயின்ஸ் படிச்சவன். சூடம் தானா போகும்னு ஆச்சு. அதனால அவ எடுக்கலேன்னு ஆயிடுமா? தானா போனது பாதி, இவ எடுத்தது பாதியா இருக்கக் கூடாதா? இத யாரு பிரிச்சுப் பாக்க முடியும்? உன் துகள் மேல பேரா எழுதியிருக்குது? இதக் கேட்டப்ப பெரியப்பா தலையில அடிச்சிகிட்டாரு. ஆனா நான் கேட்டதுல தப்பு இருக்குதா சொல்லு.

தப்பு வேற ஒரு எடத்துல இருக்குதுன்னு எனக்கே தெரிஞ்சுது. நீ போறப்ப வாசல்ல நின்னு ஒண்ணு சொன்ன இல்ல? "பெரியம்மா, சூட வாசனை வருதுன்னா என்னா அர்த்தம்? சூடத்தோட துகளே உன் மூக்குக்குள்ள வருதுன்னு அர்த்தம். வாசனைன்னு தனியா ஒண்ணு கிடையாது, அதுதான் இது." அத நான் அப்ப காதுல போட்டுக்கல. அப்புறம் ஒரு செவ்வாக்கிழம அந்த சீட்டு ரூமுல உக்காந்து விளக்குத் திரி உருட்டிகிட்டு இருந்தேன். எனக்கு அந்த ரூம் புடிக்கும். உள்ள போனாலே சூட வாசனை, நெஞ்சு வரைக்கும் இறங்கும், அம்மாடின்னு இருக்கும். அப்பதான் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. மாசியில இருந்து ஆடி வரைக்கும் அந்த ரூமுல அதிகமா உக்காந்து மூச்ச இழுத்தது யாரு? அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழம வருவா, பெருக்குவா, ஓடிடுவா, பஸ்ஸ புடிக்கணும். தினம் மத்தியானம் உக்காந்து ஆற அமர இழுத்தது நானு. அப்ப அம்மனோட சூடத்த அதிகமா எடுத்தவ யாரு? இத நான் யார்கிட்டயும் சொல்லல. அம்மன்கிட்ட மட்டும் சொன்னேன். அவ நின்ன எடத்துலயே ஆடிகிட்டே இருந்தா.

இவ்ளோ தெரிஞ்சும் ஏன் யோசிக்கிறேன்றன்னு கேப்ப. தட்டு ஒண்ணும் பாரம் இல்ல சரவணா. நான் அந்த வீட்டுப் படியேறினா ஏழுமலை நிப்பான், அவன் பொண்டாட்டி நிப்பா, அன்னிக்கு சிரிச்ச அத்தன பேரும் வேலி ஓரமா நிப்பாளுங்க. அது கூடப் பரவால்ல. எனக்கு உள்ள இருக்கிற பயம் வேற. உன்ன பெத்தது என் தங்கச்சி. நீ நடக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அவ போய்ச் சேந்துட்டா. நான் உன்னத் தூக்கிட்டு வந்தப்ப ஊருல என்னா சொன்னாங்க தெரியுமா? "பெரியம்மா பெரியம்மாதான், பாப்போம்"னாங்க. அந்தப் "பாப்போம்" இருக்குது பாரு, அதுலருந்துதான் எனக்கு இந்தச் சந்தேகப் புத்தியே வந்துச்சோ என்னவோ. உன்ன யாரு தொட்டாலும், யாரு தின்னக் குடுத்தாலும், யாரு சிரிச்சாலும் எதுக்குன்னு பாப்பேன். இப்ப நான் தட்டு எடுத்துட்டு வராம நின்னா, "பெத்தவளா இருந்தா வந்திருப்பா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. நான் வந்து நின்னா, "இவளே திருடின்னா, இவளே வந்து நிக்கிறா"ன்னு சொல்லுவாங்க. எப்படியும் சொல்லத்தான் போறாங்க. நீ என்னா சொல்லுவன்றதுதான் எனக்கு வேணும். அத நீ போன்ல சொல்லல. ரிஜிஸ்டர் ஆபீஸ்னு சொன்ன. அன்னிக்கு நான் சாப்பிடல.

உனக்கு ஒண்ணு சொல்லி வைக்கிறேன், கல்யாணம் நடந்தாலும் நடக்காட்டியும். வீட்டுல ஒரு பொருள் குறைஞ்சா, ஆளத் தேடாத. மொதல்ல மூடியப் பாரு. நான் ஆளத் தேடிட்டேன். அவகிட்டயும் சொல்லு, ஏதாவது காணோம்னா என்னக் கேக்கட்டும், மூஞ்சிக்கு நேரா கேக்கட்டும், உன்ன நடுவுல விட்டுக் கேக்க வேணாம். அப்புறம் அந்த வாசனை. அவ வீட்டுக்கு வந்தா அந்த ஊதுபத்தி வாசனை என் சமையக்கட்டு வரைக்கும் வரும், என் குழம்பு வாசனை அவ துணியில ஏறும். நீ சொன்னபடி பாத்தா ரெண்டு பேரோட துகளும் கலந்துதான் போகும், யாரு தடுக்க முடியும்? ஆனா பூஜை ரூமுக்கு அவ கம்பெனி ஊதுபத்தி வேணாம். வெள்ளைக்காரன் மூக்குக்குன்னு போடற வாசனை அம்மனுக்குப் புடிக்குமோ என்னவோ. இத சண்டைக்குச் சொல்லல, சும்மா சொல்றேன்.

புடவை என்னா கலர்னு பெரியப்பாவ விட்டுக் கேட்டேன், மாம்பழக் கலர்னாரு. அவ நிறத்துக்கு எடுக்காது. மாத்தக் கிடைக்குமான்னு கடையில கேளு, பில்ல தொலைச்சிடாத. தட்டுல பழம் ஒத்தப்படையா வை. ஜாதகம் பாக்கவே இல்லையேன்னு எனக்கு ஒரு குறை இருந்துச்சு, நேத்து ரேஷன் கடை கியூவுல அவங்கம்மா எனக்கு முன்னாடி நின்னா. பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன், வாய் நிக்கல. "உம்பொண்ணு நட்சத்திரம் என்னா, பொறந்த நேரம் என்னா"ன்னு கேட்டேன். "நேரமெல்லாம் யாருக்குக்கா தெரியும், பெருமழைக்கு நம்ம எல்லாரையும் ஸ்கூல்ல கொண்டுபோய் வச்சாங்களே, அங்கதான் பொறந்தா, கரண்ட் கூட இல்ல"ன்னா. நான் எதையோ மறைக்கிறாளோன்னு நினைச்சுகிட்டே சக்கரைய வாங்கிட்டு வந்துட்டேன். இப்ப இத எழுதுறப்பதான்டா எனக்குக் கை நிக்குது. அந்த ஸ்கூல்ல நானும் இருந்தேன். பெஞ்சையெல்லாம் ஒதுக்கிட்டு, புடவையக் கட்டி மறைச்சு, ஒரு மூலையில யாருக்கோ பிரசவம், அங்க பொறந்தது அந்த ஒரே கொழந்தைதான். கொழந்த கத்தினதும் ஒரு கிழவி, "நாக்குல மொதல்ல சக்கரைத் தண்ணி தொட்டு வைக்கிறவங்க குணம்தான் புள்ளைக்கு வரும், நல்ல கையா ஒண்ணு வாங்கடி"ன்னு கூப்பிட்டா. யாரும் எழுந்து வரல, எல்லாரும் நனைஞ்சு நடுங்கிகிட்டு இருந்தாங்க. என்னத்தான் புடிச்சுத் தள்ளி விட்டாங்க. யாரு கொழந்தைன்னு கூட நான் கேக்கல, இருட்டுல மூஞ்சியும் தெரியல. அந்தப் பொண்ணு நாக்குல மொத மொத சக்கரைத் தண்ணி தொட்டு வச்சது நான்தான் சரவணா.